கரடியின் வாய்

கரடிக்குக் கண் உண்டு. பார்வை இல்லை.
வாய்க்குள் ஒரு துண்டு நுளம்புவலை தைத்திருக்கிறது.
அதற்குள்ளால்தான் கல்லடிக் கடற்கரை
பொடிப்பொடிக் கட்டமாய் எனக்கு வரும்.

மூன்றரைக்கு டிலக்சன் தலையைக் கழற்றித் தருவான்.
உள்ளே அவனுடைய சூடு,
தலைக்குப் பூசிய ஜெல், மத்தியானம் தின்ற மீன்பொரியல்.
இரண்டு சொல்லுக்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை.
ஆனாலும் அவனுக்குத் தடிமன் என்றால்
அவன் வீட்டாருக்கு முதல்
என் மூக்குக்குத் தெரியும்.

கொண்டையைச் சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டவேணும்.
தோடு போடக் கூடாது.
ஒருமுறை ஸ்பொஞ்சில் கொழுவிக் காது கிழிந்தது.
தண்ணி குடித்தால் கழிப்பறை தூரம்,
குடிக்காவிட்டால் தரை கிட்ட.

"பொம்புள எண்டு தெரியப்படாது கா" என்றார்
ஐஸ்கிரீம் கடை ஜெசீல் முதலாளி,
"கரடிக்குக் குரல் இல்ல."
அவர் சட்டமாகச் சொன்னது
எனக்கு ஓய்வாகிப் போனது.

போன ஞாயிறு, சனம் அள்ளுண்ட நேரம்,
ஒரு பிள்ளை ஓடிவந்து வயிற்றில் முட்டியது.
பின்னால் வந்த சப்பாத்தைத்தான் முதலில் கண்டேன்.
தெரிந்த சப்பாத்து.
புதன்தோறும் எங்கள் வாசலுக்குள்
கழற்றாமல் ஏறும் சப்பாத்து.

லோன் கொம்பனி றொசாந்தன்.
சென்ரர் கூட்டத்தில் ஒன்பது பொம்பிளைகளுக்கு முன்னால்
என் பேரை மூன்றுதரம் வாசித்தவன்.
காசு வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதவன்.

அவனுக்குப் பல் இருக்கிறது!
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பல்.
"கரடிக்குக் கை குடுங்க மகள்" என்று சிரித்து
என் தோளில் கைபோட்டான், படத்துக்கு.
ஒரு சாண் தூரத்தில்
வாயால் அவனைப் பார்த்தேன்.
கண்ணால் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை,
புதன்கிழமைகளில் நான் பார்ப்பது அவன் கொப்பியை.
கண்ணுக்குக் கீழே கறுப்பு. கழுத்துப்பட்டி தேய்ந்த சேட்டு.
பிள்ளைக்கு ஒரு கோன். தனக்கு வேண்டாம் என்றான்,
விலைப்பலகையை இரண்டுதரம் வாசித்துவிட்டு.

பிள்ளை என்னைக் கொஞ்சினாள்,
சொக்லேட் வாயோடு, கரடியின் இடக் கன்னத்தில்.
போகும்போது அவன் கிறுகி வந்து
நூறு ரூபாயைக் கரடிக் கைக்குள் வைத்தான்.
கரடி குனிந்து கும்பிட்டது.
உள்ளே நான் நிமிர்ந்துதான் நின்றேன்,
அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய் இரவு தலை வீட்டுக்கு வரும், கழுவ.
ஸ்பொஞ்சை உரித்து எடுத்து
டெட்டோல் தண்ணியில் ஊறப்போட்டு
முறுக்காமல் அமத்தவேணும்; முறுக்கினால் பிய்யும்.
மயிரைச் சன்லைட் நுரையால் ஒரு பக்கமாக மட்டும்.
சொக்லேட் லேசில் போகவில்லை.
பழைய பல்தூரிகையால் தேய்த்தேன்,
தேய்க்கும்போது அந்தப் பிள்ளை கையை எடுக்காத மாதிரி இருந்தது.
டெட்டோல் வாங்கியதில் அந்த நூறும் போய்விட்டது.

வெயிலில் காயவைத்தால் உள்ளே நொருங்கும்.
முருங்கை நிழலில், வேலிக் கதியாலில்
கழுத்தைக் கொழுவிவிட்டேன்.

காலை பத்துக்கு மோட்டார் சைக்கிள்.
எண்ணினான், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு.
"நூறு குறையுது."
நான் பேசவில்லை.
"உங்களுக்குத்தான் சொல்றன். நூறு."
நிமிர்ந்தான்.
அவன் பார்வை என்னைத் தாண்டிப் போனது,
முற்றத்தைத் தாண்டி, வேலியில் முட்டி நின்றது.

ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது கதியாலில்.
இடக் கன்னத்தில் இன்னும் மண்ணிறமாய் ஒரு வட்டம்.

பேனை மூடி திறந்து மூடியது.
மறுகா ரசீதைக் கிழித்தான்,
எவ்வளவுக்கு என்று நான் இன்னும் பார்க்கவில்லை.
சப்பாத்து, அன்றைக்கு, படியோடு நின்றிருந்தது.
எப்போது கழற்றினான் என்பதும் தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை.
கரடிதான்
திறந்தபடி காய்ந்தது.